ஞாயிற்றுக்கு ஓர் உதிரிப் பாகம்

மார்ச் 4

என்னங்க,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்துகொண்டு படியுங்கள். முன்னறையில் உங்கள் சாய்வு நாற்காலி இருந்த இடத்தில் இப்போது ஒரு பின்பால் மெஷின் நிற்கிறது. நாற்காலி படுக்கையறைக்குப் போய்விட்டது. அது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை, நீங்களும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

கல்யாணமான புதிதில் துறைமுகத்துக்குப் பக்கத்துக் கடை ஒன்றில் ஆடினோமே, அதே வகைதான். சாய்ந்த மேசை, மேலே கண்ணாடி, உள்ளே உருண்டு வரும் இரும்புக் குண்டு, அது கீழே விழாமல் தட்டி அனுப்ப இரண்டு துடுப்பு. நம் இரண்டு பேரையும் விட இது வயதில் மூத்தது. கம்ப்யூட்டர் கிம்ப்யூட்டர் எதுவும் உள்ளே கிடையாது. டக் டக்கென்று கரண்டை மாற்றிவிடுகிற ரிலே, கம்பி சுற்றின காயில், சுற்றுகிற ஸ்கோர் சக்கரம், அப்புறம் எடுக்க எடுக்கத் தீராத வயர். ஓடவில்லை. ஓடாததால்தான் வாங்கினேன்.

ஏன் என்று கேட்பீர்கள். பதினோரு வருடமாக ஃபாக்டரியில் வண்டிகளுக்கு வயர் கட்டுகிறேன். நாள் முழுக்க ஒரே கட்டு, இடது பின்கதவுக்குப் போகிற கட்டு. நான் கட்டிய வயரோடு ஓடுகிற வண்டி ஒன்றைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை. ஒரு பொருளை முதலிலிருந்து கடைசிவரை நானே செய்து, அது ஓடுவதை என் கண்ணால் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. நீங்கள் வருடத்தில் எட்டு மாதம் கடலில் இருக்கிறீர்கள். எனக்கு இங்கே சாயங்காலம் நகரவே மாட்டேன் என்கிறது.

விற்றவர் மூன்று தெரு தள்ளி இருக்கிறார். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாரும் லிஃப்ட்காரர் என்றுதான் சொல்கிறார்கள். அவர் வீட்டில் அந்த அறையில் மெஷினும் ஒரே ஒரு நாற்காலியும்தான் இருந்தன. நாற்காலியை மெஷினைப் பார்த்தபடி போட்டிருந்தார். "நீங்களே செய்வீங்களாம்மா? கூட ஆம்பளைங்க யாரும் இல்லையா?" என்று மூன்று தரம் கேட்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "வீட்டுக்காரர் கப்பல்ல இருக்கார், நவம்பர்லதான் வருவார்" என்று நானும் சொல்லித் தொலைத்தேன். மெஷினில் ஏழெட்டு பாகம் குறைகிறது. "எல்லாம் வீட்ல பத்திரமா இருக்கு. தேடி எடுத்து ஒவ்வொண்ணா கொண்டு வந்து தரேன்" என்றார்.

ரசீதை இதோடு வைத்திருக்கிறேன். அவர் முகவரியும் அதில் இருக்கிறது. நீங்கள் திட்டினாலும் வாங்கினது வாங்கினதுதான். வீட்டுக்கு நான்தான் சூப்பர்வைசர் என்று பட்டம் கொடுத்ததே நீங்கள்தானே.

உங்கள்
சூப்பர்வைசர்

*

மார்ச் 17

சூப்பர்வைசரம்மாவுக்கு,

துறைமுகத்தில் கப்பல் ஏஜெண்ட் கொண்டு வந்த தபால் பையில் உன் கடிதம்தான் கனமாக இருந்தது. சமையல்காரர் எட்டிப் பார்த்து, "என்னய்யா, வீட்ல விசேஷமா?" என்றார். "ஆமா, என் நாற்காலியை நாடு கடத்திட்டாங்க" என்றேன். இஞ்சின் ரூம் முழுக்க அன்றைக்கு அதுதான் பேச்சு.

சரி, வாங்கிவிட்டாய். இனி நான் சொல்வதைக் காது கொடுத்துக் கேள். முதல் வேலையாக எர்த் வயர் போடு. அந்தக் காலத்து மெஷினில் எர்த் இருக்காது. ஆடும்போது இரண்டு ஓரத்திலும் கை வைக்கிற இரும்புப் பட்டை இருக்கிறதே, உள்ளே ஒரு கம்பி அவிழ்ந்து அதைத் தொட்டால் போதும், பட்டையில் கரண்ட் ஏறிவிடும். கை வைத்தவர் கதி அதோ கதிதான். பியூஸ் போனால் ஜிகினாத் தாளைச் சுற்றி ஒப்பேற்றாதே. பிளக்கைப் பிடுங்காமல் உள்ளே கை விடாதே. நீ வயர் கட்டுகிற வேலை வேறு, இது கரண்ட் வேலை. கோபித்துக்கொள்ளாதே, உள்ளதைச் சொல்கிறேன்.

லிஃப்ட்காரர் பக்கத்தில் இருப்பது எனக்குப் பெரிய நிம்மதி. லிஃப்டுக்குள் இருப்பதும் இதே ரிலேதான், அவருக்குத் தெரியாததே இருக்காது. அப்படிப்பட்ட மனிதர் தானாக வந்து உதவுகிறேன் என்றால் விட்டுவிடாதே. நானும் அவருக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும். முகவரிதான் கையில் இருக்கிறதே.

குண்டு முதல் தடவை ஓடுகிற அன்றைக்கே எனக்கு எழுது.

நாடு கடத்தப்பட்ட நாற்காலியின்
சொந்தக்காரன்

*

மார்ச் 21

என்னங்க,

உங்கள் பதில் இன்னும் வரவில்லை. அதற்குள் எழுதுகிறேன், ஏனென்றால் சொல்ல வேறு ஆள் இல்லை.

லிஃப்ட்காரர் மூன்று ஞாயிறும் வந்தார். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு பாகம். கைக்குட்டையில் சுற்றிக் கொண்டு வந்து, பிரித்து, என் உள்ளங்கையில் வைக்கிறார். முதல் வாரம் ஒரு ஸ்பிரிங், அடுத்தது ஒரு ரப்பர் வளையம், நேற்று ஸ்கோர் சக்கரத்தின் பல். "மிச்சத்தையும் ஒரு பையில போட்டு மொத்தமா குடுத்துடுங்களேன் சார்" என்று கேட்டேன். "தேடணும்மா, எங்க இருக்குன்னு தேடணும்" என்றார். மெஷினில் கையே வைப்பதில்லை. டீயைக் குடித்துவிட்டு ஒன்றரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். போகும்போது, "உங்களுக்கு இந்த வாரம் எந்த ஷிஃப்ட்?" என்று கேட்கிறார். ஏன் என்று நான் கேட்கவில்லை, சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. அடிப்பலகையைத் திறந்து பார்த்தால் பாதி வயர் பழையது, பாதி புதிது. புதிதாகப் போட்டதை மெழுகு நூலால் வரிசையாகக் கட்டியிருக்கிறது. இரண்டு சுற்று, நூல் முனையை உள்ளே மடக்கி இறுக்கிய முடிச்சு. எங்கள் ஃபாக்டரியில் சேர்ந்த முதல் வாரத்தில் சொல்லிக் கொடுப்பார்களே, அதே முடிச்சு. வெளியே எங்கும் நான் பார்த்ததில்லை. விரல் சின்னதாக இருந்தால்தான் அந்த இடுக்கில் கட்ட முடியும். யாரோ ஒரு பெண் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறாள். வேலை முடியாமல் நிற்கிறது. கடைசி வயருக்கு முனையில் ஈயம் பூசியிருக்கிறது, எதனோடும் சேர்க்கவில்லை. ஈயம் பற்றவைக்கிற இரும்பைச் சூடு பண்ணிக் கையில் எடுத்தவள் அப்படியே எழுந்து போன மாதிரி இருக்கிறது.

நேற்று அவரிடம் கேட்டேன். "வீட்டுக்காரி செஞ்சா" என்றார். "இப்ப எங்க இருக்காங்க?" என்றேன். "இருந்தா" என்று மட்டும் சொன்னார். டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அவ விட்ட இடத்துலேருந்தே பண்ணுங்கம்மா. அவ பண்ணின மாதிரியே பண்ணுங்க" என்றார். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

வேலை நன்றாகத்தான் போகிறது. ஃபாக்டரி வழக்கப்படி, முடித்துச் சரிபார்த்த ஒவ்வொன்றின் மேலும் பச்சை மார்க்கரால் ஒரு புள்ளி வைக்கிறேன். இதுவரை நாற்பத்தொரு புள்ளி.

உங்கள்
சூப்பர்வைசர்

*

ஏப்ரல் 6

என்னங்க,

உங்கள் கடிதம் வந்தது. எர்த் வயர் போட்டாயிற்று, சரிபார்த்தாயிற்று, புள்ளியும் வைத்தாயிற்று. வயர் கட்டுகிறவளுக்குக் கரண்டும் கொஞ்சம் தெரியும்.

ஆனால் எனக்கு மறதி வந்துவிட்டதா என்று பயமாக இருக்கிறது. போன வியாழக்கிழமை இடது துடுப்பின் ஸ்பிரிங்கை மாட்டினேன். மாட்டினது சத்தியம், இரண்டு தரம் துடுப்பை ஆட்டிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து வந்து பார்த்தால் ஸ்பிரிங் இல்லை. கழன்று விழுந்திருக்கும் என்று மெஷினைக் காலி செய்து, தரையைப் பெருக்கி, குப்பையைக் கொட்டித் தேடினேன். கிடைக்கவில்லை. நேற்று ரப்பர் வளையம் போய்விட்டது. அதுவும் மாட்டியிருந்ததுதான். கதவு பூட்டியபடி இருக்கிறது, ஜன்னல் கொக்கி போட்டபடி இருக்கிறது, ஒரு டம்ளர்கூட இடம் மாறவில்லை. வேறு யாரைச் சந்தேகப்படுவது, என்னைத்தான் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது. இன்றைக்கு லைனில் ஒரு வயரை மாற்றிக் கட்டிவிட்டேன். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக ஃபோர்மேன் எல்லார் முன்னாலும் கத்தினார்.

லிஃப்ட்காரர் ஞாயிற்றுக்கிழமை மிகவும் கலகலப்பாக இருந்தார். "உங்க பின்கதவு கீல் சத்தம் போடுதும்மா, கொஞ்சம் எண்ணெய் விடுங்க" என்றார். சரி சார் என்று சொல்லிவிட்டேன். அவர் போய் ஒரு மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது. அவர் இருக்கும்போது நான் பின்கதவைத் திறந்ததே இல்லை.

ஏதாவது எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

*

ஏப்ரல் 14

சூப்பர்வைசரம்மாவுக்கு,

உன் மார்ச் 21 கடிதம் கிடைத்தது. மனிதர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்து டீ குடித்துவிட்டு உட்கார்ந்தால் உனக்கு என்னவோ போல் ஆகிறதாக்கும்! தனியாக இருக்கிற பெரிய மனிதர். பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள் போலிருக்கிறது. அவள் தொட்ட மெஷினைப் பார்த்து மனதை ஆற்றிக்கொள்கிறார். அதில் போய் என்ன பயம்?

நான் உனக்கு ஒரு விஷயம் சொல்லவில்லை. போன மாதமே அவருக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். முறையாக நன்றி சொல்லி, வீட்டை உங்கள் வீடாக நினைத்துக்கொள்ளுங்கள், அவள் ஷிஃப்டில் இருக்கும்போது ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதினேன். பழைய மெஷின், பிளக்கை மாட்டியபடி நீ மறந்து போய்விட்டால் வீடே எரிந்துவிடும். அதனால் மாற்றுச் சாவி பின்பக்கம் தண்ணீர் மீட்டர் மூடிக்கு அடியில் இருப்பதையும் சொல்லி வைத்தேன். அதற்கு அவர் போட்ட பதிலைப் பார்க்க வேண்டுமே! முத்து முத்தான கையெழுத்து. 'கவலை வேண்டாம் தம்பி, தினமும் பார்த்துக்கொள்கிறேன்' என்று எழுதியிருக்கிறார்.

இப்போது எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வருகிறது. நீயும் நிம்மதியாக இரு.

உன்
நாற்காலிக்காரன்

*

ஏப்ரல் 18

என்னங்க,

எனக்கு மறதி இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். சந்தோஷப்பட முடியவில்லை.

நேற்று ஞாயிறு. லிஃப்ட்காரர் வந்தார். கைக்குட்டையைப் பிரித்தார். "இன்னொண்ணு ஆப்டுச்சும்மா, பரண்ல கிடந்துது" என்று என் கையில் வைத்தார். துடுப்பின் ஸ்பிரிங். அதன் கொக்கியில் பச்சைப் புள்ளி இருந்தது. என் மார்க்கர், என் புள்ளி.

பார்த்ததை முகத்தில் காட்டவில்லை. "ரொம்ப தேங்க்ஸ் சார்" என்று சொல்லி, டீ போட்டுக் கொடுத்து, அவர் குடித்து முடிக்கிற வரை நின்றுகொண்டே இருந்தேன். புள்ளியை அவர் பார்க்கவில்லையா, பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டாவதை நினைத்தால்தான் அதிகம் பயமாக இருக்கிறது.

அவர் போனதும் வீட்டைச் சுற்றி வந்தேன். பூட்டை நெம்பின அடையாளம் எதுவும் இல்லை. மாற்றுச் சாவி மீட்டர் மூடிக்கு அடியில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அந்த இடம் நம் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. அப்படியென்றால் எப்படித்தான் வருகிறார்? கூரை வழியாகவா? ஆயுள் முழுக்க ஊரான் வீட்டுக் கதவுகளைத் திறந்து லிஃப்டுக்குள் இறங்கின ஆள். என்ன வித்தை வைத்திருக்கிறாரோ. அந்தச் சாவியைத் தொடாமல் வைத்துவிட்டேன், என்றைக்காவது நான் வெளியே மாட்டிக்கொண்டால் வேண்டியிருக்கும்.

இன்று ஃபாக்டரியில் பழைய ஆட்களிடம் அந்த முடிச்சைப் பற்றி விசாரித்தேன். லிஃப்ட்காரரின் மனைவி எங்கள் ஃபாக்டரியில்தான் வயர் கட்டினாராம். சாகவெல்லாம் இல்லை. இரண்டாவது யூனிட்டில், கருவிகள் கொடுக்கிற ஸ்டோரில் இப்போதும் வேலை செய்கிறாராம். போய்ப் பார்க்கப் போகிறேன்.

நான் என்ன செய்ய வேண்டும் என்று உடனே எழுதுங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

*

ஏப்ரல் 28

உங்கள் பதினான்காம் தேதிக் கடிதம் நேற்று வந்தது.

மூன்று தரம் படித்தேன். பிறகு பின்பக்கம் போய்ச் சாவியை எடுத்தேன். இன்று காலை இரண்டு பூட்டையும் மாற்றிவிட்டேன். கூரையைப் பார்த்துக்கொண்டு பத்து நாள் தூங்காமல் கிடந்தவளிடம் நிம்மதியாக இரு என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்கு மேல் உங்களைத் திட்ட எனக்கு இப்போது நேரம் இல்லை.

லிஃப்ட்காரரின் மனைவியைப் பார்த்தேன். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் யார் என்று சொன்னதும் ஸ்டோர் ஜன்னலைச் சாத்திவிட்டு வெளியே வந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அந்த மெஷினை முடிச்சு வித்துட்டு, எங்க அக்கா வீட்டுக்குப் போயிடறதா இருந்தேன். அது அவருக்குத் தெரியும். நான் ஒண்ணு மாட்டுவேன், மறுநாள் ஒண்ணு காணாம போகும். ரெண்டு வருஷம். எனக்கு மூளை கெட்டுப் போச்சுன்னு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனதே அவர்தான். வாரத்துக்கு ஒரு தடவை அவரே ஒண்ணைத் தேடி எடுத்துக் குடுப்பார். நானும் கையெடுத்துக் கும்பிடாத குறையா வாங்கிப்பேன்."

"உங்ககிட்ட வேற எண்ணம் எதுவும் அவருக்கு இருக்காது. முடியக்கூடாது, அவ்வளவுதான். முடிஞ்சுட்டா நீங்க கதவைத் திறக்க வேண்டியதில்லையே."

பிறகு வலது கையைக் காட்டினார். இரண்டு விரல் மடங்குவதில்லை. ஒரு நாள் எல்லாம் சரியாக இருந்ததாம், எதுவும் காணாமல் போகவில்லையாம். பத்து நாள் அப்படியே இருந்ததாம். கடைசியாக ஒரே ஒரு வயரை மட்டும் பாக்கி வைத்துக்கொண்டு, மிச்சம் ஓடுகிறதா பார்க்கலாம் என்று பிளக்கை மாட்டிப் பட்டையில் கை வைத்தாராம், கரண்ட் அடித்துத் தூக்கி எறிந்ததாம். ஆஸ்பத்திரியிலிருந்து அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகவே இல்லை. "நான்தான் வயரை மாத்திக் கட்டிட்டேன்னு எல்லார்கிட்டயும் சொன்னார். நானும் நம்பினேன், நீங்க வந்து சொல்ற வரைக்கும்."

கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "எடுக்கற வரைக்கும் பயமில்லம்மா. எடுக்கறதை நிறுத்தினாத்தான் பயப்படணும்."

பதினேழாம் தேதிக்குப் பிறகு என் மெஷினில் எதுவும் காணாமல் போகவில்லை. இருபத்து நான்காம் தேதி வெறுங்கையோடு வந்தார். நான் கதவைப் பாதிதான் திறந்தேன். "மிச்சத்தை எல்லாம் நீங்க ஷிஃப்ட்ல இருக்கறப்ப வாசல்ல வெச்சிட்டேனே, பாக்கலையா?" என்றார். உண்மைதான், முந்தின நாள் வாசலில் ஒரு பை இருந்தது. அத்தனையும் மாட்டிவிட்டேன். "இனி என்ன, ஞாயித்துக்கிழமை வரைக்கும் எனக்காகக் காத்திருக்காதீங்க. நீங்களே போட்டுப் பாருங்க" என்றார்.

இன்றைக்குக் கரண்ட் சோதிக்கிற மீட்டரை எடுத்துக்கொண்டு உட்காரப் போகிறேன். பிளக் என் மடியில்தான் இருக்கும்.

*

மே 2

சூப்பர்வைசரம்மா,

உன் ஏப்ரல் 6 கடிதமும் 18 கடிதமும் இன்று ஒரே பையில் வந்தன. பழையதை முதலில் பிரித்தேன். மறதி என்று நீ எழுதியதைப் படித்துச் சிரித்தேன். பிறகு இரண்டாவதைப் பிரித்தேன். சிரித்தேன் என்பதை உன்னிடம் மறைக்கவில்லை.

சாவியை எடு. மீட்டர் மூடிக்கு அடியில் இருக்கிற சாவியை எடு. அவருக்கு அந்த இடத்தைச் சொன்னது நான்தான். என் கடிதம் இதற்குள் வந்திருக்கும். வராமல் போயிருந்தால் இதை நம்பு. பூட்டை மாற்று. மெஷினைத் தொடாதே, மெயின் சுவிட்சை அணைத்துவிடு. என் அண்ணன் வீட்டுக்குப் போய்விடு.

கப்பலை விட்டு இறங்க அனுமதி இல்லை. ஏஜெண்டிடம் தந்தி கொடுக்கச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறேன். கதவுக்கு உள்ளே நீ இருக்கிறாய், வெளியே இருக்கிற ஆளை நானே உள்ளே அனுப்பியிருக்கிறேன். நல்லது என்று நினைத்துத்தான் செய்தேன். அதைச் சொல்லித் தப்பிக்கவில்லை, ஆனால் அதுதான் உண்மை.

நீ நன்றாக இருக்கிறாய் என்று ஒரே ஒரு வரி எழுது.

*

மே 10

உங்களுக்கு,

நன்றாக இருக்கிறேன். தந்தி நான்காம் தேதி வந்தது. அதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருந்தது.

போன கடிதம் எழுதின அன்றைக்கே மீட்டரை வைத்து ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்த்தேன். பிளக்கின் ஒரு முனையிலும் ஓரத்து இரும்புப் பட்டையிலும் வைத்தபோது மீட்டர் கத்தியது. கரண்ட் நேராகப் பட்டைக்குப் போகிறது. நான் போட்ட எர்த் வயரை உள்ளுக்குள் துண்டித்திருந்தது. உள்ளே தலையை விட்டுப் பார்த்தேன். அந்த இணைப்பை மெழுகு நூலால் கட்டியிருந்தது, இரண்டு சுற்று, முனை உள்ளே. மேலே பச்சைப் புள்ளி. நான் வைக்காத புள்ளி. நான் வைத்த நூற்றுப் பதினெட்டுக்கும் அதற்கும் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. அந்த நிமிடம்தான் எனக்கு அழுகை வந்தது.

எதையும் கலைக்கவில்லை. லிஃப்ட்காரரின் மனைவியிடம் போய்ச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை லிஃப்ட்காரர் வருவதற்கு முன்பே அந்த அம்மா வந்து சமையலறையில் உட்கார்ந்துகொண்டார். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, வயரை மெஷினுக்குப் பின்னால் சுருட்டி, வெளியே தெரியாமல் வைத்தேன்.

லிஃப்ட்காரர் வந்தார். "போட்டுப் பாத்தீங்களா?" என்றார். "இல்லை சார், முதல் ஆட்டம் நீங்கதான் ஆடணும். உங்களாலதானே முடிஞ்சுது" என்றேன். அவர் சிரித்தார். "எனக்கு ஆடத் தெரியாதும்மா" என்றார். "சும்மா கையை வைங்க சார்" என்றேன். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "நீங்க ஆடுங்க, நான் பாக்கறேன்" என்றார். நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் பட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போது அவர் மனைவி சமையலறையிலிருந்து வந்தார். நேராக மெஷினுக்கு முன்னால் போய் நின்று இரண்டு கையையும் பட்டையின் மேல் வைத்தார்.

"கையை எடு! எடுடீ கையை!" என்று லிஃப்ட்காரர் கத்தின கத்தலில் அக்கம்பக்கத்துக் கதவெல்லாம் திறந்தது. உயிரே போகிற மாதிரிக் கத்தினார். என் கையை அதே இடத்தில் வைக்கச் சொன்னவர்தான்.

அந்த அம்மா கையை எடுக்கவில்லை. "நான்தான் மாத்திக் கட்டினேன்னு சொன்னீங்களே" என்றார். அவ்வளவுதான். லிஃப்ட்காரர் வெளியே போய்விட்டார்.

மறுநாள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். புகாரை எழுதிக் கொடுத்தோம். அதிகாரி லிஃப்ட்காரரைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு வந்து, சட்டைப் பையிலிருந்து உங்கள் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். அதிகாரி சத்தமாகவே படித்தார். வீட்டை உங்கள் வீடாக நினைத்துக்கொள்ளுங்கள். சாவி இன்ன இடத்தில் இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். இதையெல்லாம் எனக்கு எழுதியிருந்தீர்கள். எழுதாத ஒன்றும் அதில் இருந்தது.

'அவளுக்குக் கரண்ட் வேலை தெரியாது, சொன்னால் ரோஷப்படுவாள். ஏதாவது தப்பாகச் செய்திருந்தால் அவளிடம் சொல்லாமல் நீங்களே சரிசெய்துவிடுங்கள்.'

"அவர் சொன்னதைத்தான் செஞ்சேன் சார்" என்றார் லிஃப்ட்காரர். "தினமும் போய் இவங்க பண்ற தப்பைச் சரி பண்ணினேன். ஒண்ணு மட்டும் கண்ணுக்குத் தப்பிடுச்சு. அது இவங்க கட்டின வயர்தான். இவங்க வெச்ச புள்ளி மேலயே இருக்கு, போய்ப் பாருங்க. அது தப்புன்னு சந்தேகம் இருந்ததாலதான் கை வைக்காதேன்னு கத்தினேன்." அதிகாரி என்னைப் பார்த்தார். "உங்க புருஷனே சாவி எங்க இருக்குன்னு எழுதியிருக்காரே, இதுல அத்துமீறல் எங்கம்மா வருது?" என்றார். அவர் மனைவி சொன்னதற்கு, "கோவிச்சுக்கிட்டுப் போன சம்சாரம் வேற எப்படிப் பேசும்?" என்றார். புகாரை மடித்து ஒரு ஃபைலுக்குள் வைத்துவிட்டார். இன்னும் கிழிக்கவில்லை.

நீங்கள் நல்லது என்று நினைத்துச் செய்தீர்கள். நம்புகிறேன். உங்கள் மேல் எனக்கு இருக்கிற கோபம் சாவிக்காக இல்லை. பதினோரு வருடம் வேலை செய்த என் கை உங்களுக்குத் தெரியவில்லை. நீங்கள் பார்த்தே இராத ஒருவரின் கையை அதற்கு மேல் வைத்தீர்கள். இதை நேரில் சொன்னால் அழுதுவிடுவேன் என்பதால் எழுதுகிறேன்.

நேற்று ஷிஃப்ட் முடிந்து வரும்போது பஸ் நிறுத்தத்தில் லிஃப்ட்காரர் நின்றிருந்தார். வணக்கம் சொன்னார். "இன்னும் ஒரு ஸ்பிரிங் வீட்ல கிடக்கும்மா. ஞாயித்துக்கிழமை கொண்டு வரேன்" என்றார். மெஷினில் எந்த ஸ்பிரிங்கும் குறையவில்லை. நான் உங்கள் அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை, போகவும் மாட்டேன். அவர் மனைவி இப்போதைக்கு என்னோடு இங்கே இருக்கிறார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஷிஃப்ட் கேட்டு வாங்கியிருக்கிறோம்.

நீங்கள் எழுதிய கடிதம் அந்த ஃபைலில் இருக்கிற வரை என் புகார் நிற்காது. அதற்கு எதிராக நிற்கக்கூடியது உங்கள் கையெழுத்து ஒன்றுதான். ஸ்டேஷனுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அந்த வீட்டுக்குள் யார் வரலாம் என்று சொல்ல வேண்டியவள் அதில் குடியிருக்கிறவள், அவளைக் கேட்காமல் எழுதியது தப்பு என்று எழுதுங்கள். அவளுக்கு வேலை தெரியும் என்றும் எழுதுங்கள். அது வந்து சேரப் பதினைந்து நாள் ஆகும், நடுவில் இரண்டு ஞாயிறு இருக்கிறது, அதனால் இன்றைக்கே எழுதுங்கள்.

ஸ்டேஷனுக்கு நேராக அனுப்பிவிடாதீர்கள். உறையை ஒட்டாமல் எனக்கு அனுப்புங்கள். இந்தத் தடவை நான் படித்துப் பார்த்துவிட்டுக் கொடுக்கிறேன்.